வளையல் உடுத்த கூட்டம்

எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது வெடித்த காயைக் குப்பையில் கொட்டிவிடுவதில்லை. உள்ளே இருக்கும் அரிசியை எடுத்துத் தனியாக விற்பார்கள். தோல் போனாலும் மணம் போகவில்லை என்பது வியாபாரிக்குத் தெரியும். நம் கலை ரசிகர்களோ, சண்டிகரில் நேக் சந்த் செய்த சிலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "குப்பையில் செய்தாராமே!" என்று வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எதில் செய்தார் என்பது செய்தி. என்ன செய்தார் என்பதல்லவா விமர்சனம்?

செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் 1924-இல் பிறந்தவர் அவர். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகரில் சாலை இன்ஸ்பெக்டர் ஆனார். லெ கொர்பூசியே வகுத்த திட்டப்படி எழுந்த நகரம் அது. அதற்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாட்டிலிருந்து உடைந்த பீங்கானையும் ஓட்டையும் கண்ணாடி வளையலையும் சைக்கிளில் சுமந்துபோய், கட்டடமே எழுப்பக்கூடாத காட்டு நிலத்தில் ரகசியமாக வேலை செய்தார். 1957-இல் ஆரம்பித்தது 1975-இல்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. நல்லவேளை, இடிக்கவில்லை, அடுத்த வருஷமே ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. 2015-இல் காலமானார்.

அவர் உளி பிடித்தவரல்ல. கம்பிக்கூட்டின் மேல் சிமெண்டைப் பூசி உருவம் பிடித்து, அது இறுகுவதற்குள் வளையல் துண்டுகளைப் பதிப்பார். சிலைக்கு ஆடை அதுதான். ஒரு சிலையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏமாற்றந்தான். முகம் குழந்தை பிடித்த மண் பொம்மை மாதிரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் பழகிய கண்ணுக்கு உடம்பின் நெளிவு கொஞ்சங்கூடக் கிடைக்காது. ஆனால் குடம் சுமந்த பெண்கள் வரிசை வரிசையாக நிற்குமிடத்தில் அந்தக் குறையே பலமாகிவிடுகிறது. முகம் வேறுபட்டிருந்தால் ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். இங்கே நகர முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். ஊரை விட்டு வந்த ஜனங்கள் ரயிலடியில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதுபோல எனக்குப் பட்டது. அந்த வளையல்களை முன்னே யார் கைகள் போட்டிருந்தனவோ!

அரசாங்கம் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்த பிறகு தோட்டம் பெருத்தது. பெருத்ததெல்லாம் வளர்ந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பின்னால் எழுந்த பிரம்மாண்டமான வளைவுகளில் பொருட்காட்சி வாடை அடிக்கிறது. அங்கே ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குச் சந்தோஷம், வாஸ்தவம். நான் வந்த வழியே திரும்பிக் குடக்காரிகளிடம் போனேன்.