ஊதா விளக்கும் தட்டில் விழும் பூச்சியும்

கொசுவர்த்தியும் வேண்டாம், லிக்விடும் வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பம் அடுத்துக் கடையில் கேட்பது பெரும்பாலும் ஊதா விளக்குக் கொசுப்பொறியைத்தான். ஒரு சாணுக்குச் சற்று மேலான உயரத்தில் பிளாஸ்டிக் கூடு, மேல்பகுதியில் ஊதா நிற எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் கீழே காற்றை உள்ளிழுக்கும் சின்ன விசிறி, அடியில் திருகிக் கழற்றும் தட்டு. செல்போன் சார்ஜரிலேயே ஓடும். இழுக்கும் மின்சாரம் ஐந்து வாட்டை ஒட்டித்தான் இருக்கும். விளக்கைத் தேடி வரும் பூச்சியை விசிறி உள்ளே இழுத்துவிடும். தட்டில் அடைபட்டது ஓயாத காற்றில் உலர்ந்து சாகும். புகை கிடையாது, நெடி கிடையாது, குழந்தை தொட்டாலும் ஷாக் அடிக்காது. விசிறியின் இரைச்சல் மெல்லியது, சில நிமிடங்களில் காதுக்குப் பழகிவிடும். ஒரு பொருளாக இதில் குறை சொல்ல அதிகமில்லை. காலையில் தட்டைக் கழற்றினால் உள்ளே பூச்சிகள் கிடக்கின்றன. வாங்கியவருக்கு மனம் நிறைகிறது. ஆனால் கொசுக் கருவிக்கு மதிப்பெண் போடும்போது அந்தத் தட்டைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வாதம். எத்தனை பூச்சி செத்தது என்ற கணக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு எத்தனை கடி குறைந்தது என்ற கணக்கும் வெவ்வேறு. காசு கொடுத்து நாம் வாங்க நினைப்பது இரண்டாவதை.

தட்டை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டிப் பூதக்கண்ணாடியால் பார்ப்பது பயனுள்ள வேலை. சிறு அந்துப்பூச்சிகள், வண்டுகள், மழைக்காலமென்றால் ஈசல், கொசுவைப் போலவே இருந்தும் கடிக்கத் தெரியாத நீர்ப்பூச்சிகள் எல்லாம் அதில் இருக்கும். அசல் கொசுக்களிலும் உணர்கொம்பு அடர்ந்த இறகுபோல் இருந்தால் அது ஆண். ஆண் கொசு கடிப்பதில்லை. உணர்கொம்பில் மயிர் குறைந்து மெல்லியதாகத் தெரியும் பெண் கொசுவை மட்டுமே கருவியின் வரவில் வைக்க முடியும். இந்தப் பிரிப்பு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வீட்டுத் தோட்டங்களில் மாட்டியிருந்த மின்சாரப் பூச்சிக்கொல்லி விளக்குகளில் செத்து விழுந்தவற்றை ஃப்ரிக், டாலமி என்ற இரு ஆய்வாளர்கள் வகை பிரித்து எண்ணி 1996இல் வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் மனிதரைக் கடிக்கும் கொசு முதலானவை 31. மற்ற பூச்சிகளை வேட்டையாடியும் ஒட்டுண்ணியாய் இருந்தும் நமக்கு உதவும் இனங்கள் 1,868. ஆகப் பெரிய பங்கு பக்கத்து ஓடைகளில் பிறந்த, யாருக்கும் தீங்கில்லாத நீர்ப்பூச்சிகள். தட்டுகள் நிறைந்திருந்தன, கடிப்பவை அதில் அரை சதவீதம்கூட இல்லை. அவை வெளியில் மாட்டிய மின்கம்பி விளக்குகள், வீட்டுக்குள் வைக்கும் விசிறிப்பொறி வேறு மாதிரி என்று சொல்லலாம். கொல்லும் முறையும் வைக்கும் இடமும் வேறு என்பது சரி. ஆனால் இரண்டிலும் இரை ஒன்றே: ஒளி.

அந்த இரையில்தான் சிக்கல். பசித்த பெண் கொசு நம்மைத் தேடுவது முதலில் மூச்சை வைத்து. நாம் வெளிவிடும் கரியமில வாயுவை அதன் வாயருகே உள்ள உணர்இழைகள் கண்டுகொள்கின்றன. நெருங்க நெருங்கத் தோலின் வாசனையும் உடம்புச் சூடும் வழி சொல்கின்றன. சும்மா படுத்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். சில பொறிகளின் பெட்டியில், உள்ளே பூசிய டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளி பட்டுக் கரியமில வாயுவை உண்டாக்கும் என்று போட்டிருக்கிறது. தூசிலும் காற்றிலும் உள்ள கரிமப் பொருளைச் சிதைத்து அப்படி ஒரு துளி உண்டாகலாம், வேதியியலில் தவறில்லை. ஆனால் அதே அறையில் மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கையில் அந்தத் துளி போட்டியிலேயே இல்லை. நிறத்தைப் பற்றியும் இப்போது நல்ல சான்று உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கரியமில வாயுவை உணர்ந்தபின், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெளிர்நீலப்பச்சை நிறங்களை நோக்கிப் பறந்தன. பச்சையையும் ஊதாவையும் பொருட்படுத்தவில்லை. மனிதத் தோல், யாருடையதானாலும், சிவப்பு ஆரஞ்சுப் பக்கத்து ஒளியையே அதிகம் திருப்பி அனுப்புகிறது. டெங்குக் கொசு இரை தேடும் நேரத்தில் அதன் கண்ணுக்கு நாம் தெரிகிறோம், ஊதா விளக்கு தெரிவதில்லை. இதற்கு மாறான சான்றும் உண்டு, மறைக்கக் கூடாது. 2020இல் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆய்வு, பகலில் கடிக்கும் ஏடிஸ் பெண் கொசுக்கள் பலவகை ஒளியை நாடுவதையும், இரவில் கடிக்கும் அனாஃபிலிஸ் பெண் கொசுக்கள் பகல் நேரத்தில் நீல, புற ஊதா ஒளியை விட்டு விலகுவதையும் காட்டியது. எனவே ஒளிக்குக் கொசு வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இனம், எந்த நேரம், பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து விடை மாறும்போது, ஒரே ஊதா விளக்கு எல்லாக் கொசுவையும் இழுக்கும் என்ற வாக்குறுதி நிற்காது.

கருவியோடு வரும் கையேடும் இதைத்தான் வேறு சொற்களில் ஒப்புக்கொள்கிறது. மற்ற விளக்குகளை அணையுங்கள், கதவைச் சாத்துங்கள், ஆட்கள் இல்லாத அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள் என்பதே பெரும்பாலான கையேடுகளின் அறிவுரை. ஆள் இல்லாதபோதுதான் நன்றாகப் பிடிக்கும் என்றால், ஆளுக்கு அது என்ன காவல்? நம் ஊர்க் கொசுக்களை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இரவில் காதோரம் ரீங்கரிப்பது பெரும்பாலும் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது அது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்ஸியும் இரவில் கடிப்பதே. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் ஈஜிப்டியோ பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும், சத்தமில்லாமல் கணுக்காலில் கடிக்கிறது. அந்த நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் ஐந்து வாட் ஊதா விளக்கு கண்ணிலேயே படாது. எந்த நோயை நினைத்துப் பெற்றோர் இந்தக் கருவியை வாங்குகிறார்களோ, அந்த நோயிடம்தான் இது ஆகப் பலவீனமாக நிற்கிறது.

கொசு ஆய்வாளர்களே விளக்குப்பொறி வைத்துத்தானே பிடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1962இல் சூடியா, சேம்பர்லின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வடிவமைத்த சி.டி.சி. பொறி ஒரு சிறு விளக்கும் கீழே ஒரு விசிறியும் கொண்டது. நம் கடைப் பொறிக்கு அதை மூதாதை என்றே சொல்லலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வெளியில் வைக்கும்போது பக்கத்தில் உலர்பனிக்கட்டியைத் தொங்கவிட்டுக் கரியமில வாயுவைக் கசியவிடுகிறார்கள். வீட்டுக்குள் வைக்கும்போது, கொசுவலைக்குள் ஒருவரைத் தூங்கவைத்து அவர் கால்மாட்டில் பொறியை மாட்டுகிறார்கள். அங்கே கொசுவை அழைப்பது அந்த மனிதர். வலை அவரைக் காக்கிறது. சுற்றிச் சுற்றி வரும் கொசுவை விசிறி பிடிக்கிறது. நோக்கமும் வேறு: எந்த இனம் எவ்வளவு நடமாடுகிறது என்று அறிய ஒரு மாதிரி கிடைத்தால் அவர்களுக்குப் போதும். நம் படுக்கையறையில் அதே ஏற்பாட்டிலிருந்து வலையை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரையாகக் கிடக்கும் ஆள். கட்டிலருகே வைத்த பொறியில் நிறையக் கொசு விழுகிறது என்றால், நம்மைத் தேடி வந்தவற்றில் சில வழியில் அகப்பட்டன என்றுதான் பொருள்.

ஒரு கொசு செத்தாலும் ஒரு கொசு குறைந்ததுதானே என்பது அடுத்த வாதம். கதவும் ஜன்னலும் அடைத்த சிறிய அறையில் அது ஓரளவு உண்மை. உள்ளே சிக்கிய கொசுக்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது, ஒன்று விழுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். நஞ்சு இல்லை என்ற வாதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் அது சிறிய விஷயமில்லை. ஆனால் கருவி ஓடுகிறது என்ற நிம்மதியில் ஜன்னல் வலையின் கிழிசல் தைக்கப்படாமலும் தண்ணீர் டிரம் தேய்க்கப்படாமலும் போனால், அந்த நிம்மதியின் விலையைக் காய்ச்சல் வந்த குழந்தை கொடுக்கிறது. உண்மை அறிய விரும்பும் குடும்பத்துக்கு எளிய சோதனை உண்டு: ஒரே அறை, ஒரே ஆட்கள், ஒரே விசிறி வேகம், ஓரிரவு பொறியைப் போட்டு, மறு இரவு அணைத்து, இரண்டு நாளும் காலையில் தோலில் உள்ள புதுத் தடிப்புகளை எழுதி வருவது. தொடர்ந்து செய்தால் தட்டு சொல்லாததைத் தோல் சொல்லிவிடும்.

அப்படியானால் மருந்துக்கே திரும்பச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். கொசுவர்த்திச் சுருளுக்கு நிச்சயமாக இல்லை. மலேசிய, சீனச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று கண்டது. திரியைச் சூடாக்கி டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற மருந்தை ஆவியாக்கும் லிக்விட் மெஷினில் அந்தப் புகை இல்லை. கடியைக் குறைக்கும் திறனில் ஊதா விளக்கைவிட அது மேல். ஆனாலும் இந்த வகை மருந்துகளுக்குக் கொசுக்களிடம் எதிர்ப்புத் திறன் வளர்ந்து வருகிறது, மீன் தொட்டி உள்ள அறையில் அதை வைக்கவே கூடாது. காதுக்குக் கேட்காத ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் பிளக்குகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: பத்துக் கள ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அவற்றால் கடி குறைவதற்குச் சான்றில்லை என்று 2007இலேயே முடித்துவிட்டது. கடியை நேராகக் குறைப்பவை பழைய பொருள்கள். ஓட்டையில்லாத ஜன்னல் வலை, கட்டிலுக்குக் கொசுவலை, பகலில் முழுக்கைச் சட்டை. கொசு வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி. வேகமாகச் சுற்றும் மின்விசிறி அதைத் தடுமாறவைப்பதோடு நம் மூச்சின் தடத்தையும் கலைக்கிறது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் டிரம்மையும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இதே தொழில்நுட்பம் நன்றாக வேலை செய்யும் இடமும் உண்டு: ஈ. வீட்டு ஈ புற ஊதா ஒளியை உண்மையாகவே நாடுகிறது, 365 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் குறிப்பாக. இனிப்புக்கடைக்கும் உணவகத்துக்கும் அந்த அலைநீள விளக்கும் ஒட்டும் அட்டையும் கொண்ட பொறி தகுந்த முதலீடு. மின்கம்பியில் பொசுக்கும் வகையை உணவுக்கு மேலே மாட்டக் கூடாது. பொசுங்கும் ஈயிலிருந்து பாக்டீரியாவும் வைரஸும் காற்றில் சிதறுவதை ஆய்வு காட்டியிருக்கிறது. வீட்டுக்கு விற்கும் மலிவான பொறிகள் பலவற்றில் இருப்பது 395 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஊதா விளக்கு; கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதாலேயே அது நல்ல புற ஊதா விளக்கு ஆகிவிடாது. வாங்கியே தீர வேண்டுமென்றால் பெட்டியில் அலைநீளம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசிறி நின்றதும் தானாக மூடும் இதழ் தட்டின் வாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் நள்ளிரவில் கரண்ட் போகும்போது உயிரோடிருக்கும் கொசுக்கள் வந்த வழியே வெளியேறிவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கட்டிலருகிலிருந்து எடுத்து, பொழுது சாய்ந்ததும் ஆளில்லாத இருட்டறையில் கதவைச் சாத்தி ஓடவிடலாம். தூங்கப் போகும்போது வலையைக் கட்டிக்கொள்ளுங்கள்.