கதரில் கை எவ்வளவு?

திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக் களத்தில் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்குக் கதர்ச் சட்டையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கைராட்டை நூலில் முறுக்கு ஒரே சீராக விழாது. ஓரிடம் தடிக்கும், ஓரிடம் மெலியும். அதனால் துணியில் காற்று நுழைய வழி இருக்கும், வியர்வையை உடனே இழுத்துக்கொள்ளும்.

இந்த ஏற்ற இறக்கமே தறியில் தொல்லை. மெலிந்த இடத்தில் பாவு அறும். முடிச்சுப் போட்டே நெசவாளியின் பொழுது போகும். வாங்கியவருக்கும் முதல் சலவையிலேயே துணி சுருங்கும், கஞ்சி போடாவிட்டால் கசங்கும்.

கைத்தறியெல்லாம் கதர் என்று நினைப்பவர்கள் திருச்சியிலும் உண்டு. உறையூர், மணமேடு சேலைகள் கையால் நெய்தவைதாம். ஆனால் நூல் ஆலையிலிருந்து வருகிறது. கதர் என்றால் நூற்பும் நெசவும் இரண்டும் கைவேலையாக இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று பெரும்பாலும் நூற்பது தமிழரான ஏகாம்பரநாதன் வடிவமைத்த அம்பர் ராட்டையில். பல கதிர்கள், கூடுதல் நூல், ஓரளவு சீரான முறுக்கு. ஆனால் அதற்கான பஞ்சைச் சுத்தம் செய்து பட்டையாக்கித் தருவது சித்ரதுர்கா போன்ற ஊர்களில் கதர் ஆணையம் நடத்தும் இயந்திர ஆலைகள். அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எல்லாமே கைவேலை என்று பெருமையடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கதர்க் கடையிலேயே பாலியெஸ்டர் கலந்த துணியும் தொங்குகிறதே!

உண்மையான ஓட்டை கூலியில் இருக்கிறது. ஒருவர் நாள் முழுக்க நூற்றாலும் ஆலைக் கதிரோடு போட்டிபோட முடியாது. 1935-இல் காந்தி, நூற்பவருக்கு வாழ்வதற்கேற்ற கூலி தந்தே தீர வேண்டும் என்று அகில பாரத சர்க்கா சங்கத்தை வற்புறுத்தினார். கூலியை ஏற்றினால் துணி விலையும் ஏறும், வாங்குபவர் விலகுவார் என்ற தயக்கம் அப்போதே எழுந்தது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. மதுரையில் 1921-இல் காந்தி மேலாடையைத் துறந்ததையும், 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்களையும் மேடையில் நினைவுகூர்கிறோம்; அன்று கதருக்கு அரசியல் இருந்தது. இன்று காந்தி ஜெயந்தித் தள்ளுபடிக்காக வரிசையில் நிற்கிறோம்.

உடுப்பவருக்குக் கதர் நல்ல துணி. நூற்பவருக்கு அது இன்னும் நல்ல பிழைப்பாகவில்லை. தள்ளுபடிக்குப் போகும் பணத்தை அரசு நூற்பவரின் கூலியில் சேர்க்கட்டும். நாமும் கதர் முத்திரையைப் பார்த்து, முழு விலை கொடுத்தே வாங்குவோம்.