எலிக்கு இறங்கிய சர்க்கரை

போன வாரம் மாமா ஒரு ஆய்வுக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மாத்திரைய நிறுத்திட்டு சிறுகுறிஞ்சான் கஷாயத்துக்கு மாறிடலாமா மாப்ளே?"

அதைப் படித்தேன். பிறகு அதே ரகத்தில் இன்னும் சில. எல்லாம் ஒரே அச்சு. இலையைக் காயவைத்துப் பொடித்து எத்தனாலில் சாறெடுப்பது, எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுச் சர்க்கரையை ஏற்றுவது, சாற்றைக் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் கொடுப்பது. ஒப்பிட கிளிபென்கிளமைடு.

என்னை உறுத்தியது இந்தக் கிளிபென்கிளமைடுதான். ஸ்ட்ரெப்டோசோடோசின் கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிற விஷம். கிளிபென்கிளமைடோ அதே செல்களைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. செல்களே இல்லையென்றால் அது வேலை செய்யக் கூடாது. ஆனால் கட்டுரைகளில் ஜோராக வேலை செய்கிறது! அப்படியென்றால் செல்கள் கணிசமாக மிச்சம் இருக்கின்றன. எவ்வளவு மிச்சம், எல்லா எலிக் கூண்டிலும் ஒரே அளவா? நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அதைக் காட்டவில்லை. அதைக் காட்டாமல் மூலிகையின் பங்கு இவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

அடுத்து அளவு. எலியின் டோஸை மனிதனுக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 400 என்பது கிலோவுக்கு சுமார் 65 ஆகும். 60 கிலோ ஆளுக்கு தினம் 4 கிராம் சாறு. பத்தில் ஒரு பங்கு சாறு தேறும் என்று வைத்தால்கூட 40 கிராம் காய்ந்த இலை. மாமா போடுவது ஒரு ஸ்பூன்.

செடியிலிருந்து மருந்து வராது என்று சொல்ல வரவில்லை. ஆப்பிள் மரப் பட்டையில் 1835-இல் ஃப்ளோரிஸின் கிடைத்தது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிறது என்று வான் மெரிங் 1886-இல் காட்டினார். ஆனால் வாய்வழி கொடுத்தால் குடலிலேயே உடைந்துவிடும். குடலில் சர்க்கரையை உறிஞ்சும் புரதத்தையும் சேர்த்துத் தடுக்கும். இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலக்கூறை மாற்றினார்கள். சர்க்கரைப் பகுதியை ஆக்சிஜன் வழியாக இல்லாமல் நேராகக் கார்பனில் இணைத்தார்கள். அந்த வழியில் வந்த டாபாகிளிஃப்ளோசினுக்கு 2014-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நம் மூலிகைக் கட்டுரைகள் குறையைத் தேடுவதே இல்லை. பாஸ் ஆகிற டெஸ்ட்டை மட்டும் எழுதுகிற புரோகிராமர் மாதிரி.

மாத்திரையை நிறுத்தாதீங்க, கஷாயம் குடிச்சா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரெண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடலாம் என்றேன். "அப்ப கட்டுரை பொய்யா?" என்றார். இல்லை மாமா, எலிக்கு இறங்கியிருக்கு. இன்னும் பதில் வரவில்லை.