மணிமேகலையில் எதிர்வழக்கு

ஒரு கொள்கைக்காக உழைப்பவர் அதற்கு எதிரான வாதங்களுள் வலியதை அறிந்திருத்தல் வேண்டும். இது தமிழுக்குப் புதிய கருத்தன்று. மணிமேகலையின் 30 காதைகளுள் 27ஆவதான 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' இதற்கென்றே அமைந்தது. கதையோட்டத்தைத் தடுக்கும் வறண்ட பட்டியல் என்று அதனைக் குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றிலும் பொய்யன்று. எனினும், தலைவியின் துறவுக்கு உறுதி சேர்ப்பது இக்காதையே என்பது என் துணிபு.

வஞ்சி மாநகரில் மாதவன் வடிவங்கொண்டு, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் உரைப்பதை மணிமேகலை கேட்கிறாள். பௌத்தம் பரப்பக் காப்பியம் செய்த சாத்தனார், பூதவாதியை எளிதில் பேதையாகக் காட்டியிருக்கலாம். அவரோ அவனுக்குச் சிறந்த உவமைகளை வழங்குகிறார். தாதகிப் பூவும் கட்டியும் கூடிய மதுவில் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும். அவை பிரியின் பறையோசைபோல் அவ்வுணர்வு கெடும் என்கிறான் அவன். மறுபிறப்பை ஏற்கும் சமயத்துக்கு இதனினும் வலிய எதிர்ப்பு ஏது?

ஏனையோர்க்கு மாறுரைக்காத மணிமேகலை இவனிடம் மட்டுமே வாதிடுகிறாள். முற்பிறப்பை அறிந்தோரைப் பற்றி அவள் வினவ, அது தெய்வ மயக்கோ கனவோ என்று அவன் ஐயுறுகிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என்று அவள் கேட்கிறாள். காட்சி ஒன்றே அளவை என்னும் அவன் அடிப்படையை இவ்வினா அசைக்கிறது. ஆனால் பறையோசை உவமைக்கு அங்கே விடையில்லை. அதை மறைக்காமல் விட்டதே புலவரின் நேர்மை. பின்னர் 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு முதலில் கற்பிப்பது அளவை நெறியையும் வாதக் குற்றங்களையும்.

நீலகேசியிலும் சமய வாதம் உண்டு. ஆயினும் அங்கே எதிரிகள் விரைந்து தோற்பதால் வெற்றி மெலிகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கூற்றையும் முதலில் நிறுத்திப் பின்னரே மறுக்கிறார். கோப்பில் குறிப்பெழுதுவோர்க்கு இம்முறையின் அருமை விளங்கும். எதிர்ப்பை விடுத்து எழுதிய குறிப்பு மேலிடத்தின் முதல் வினாவுக்கே நில்லாது.

வெளிமாநிலத்தில் தமிழ்ப்பணி புரியும் நமக்கும் இது பொருந்தும். 'இங்கேயே வாழப்போகும் பிள்ளைக்குத் தமிழெழுத்து எதற்கு? அந்த நேரத்தில் கணிதம் படிக்கலாமே' என்று கேட்கும் பெற்றோர் பகைவரல்லர். பிள்ளையின் நலம் நாடுபவர். அவர்க்குத் தமிழின் தொன்மையை எடுத்தோதுதல் விடையாகாது. அவ்வினாவை அவரினும் செம்மையாக நாமே கேட்டுப் பார்த்தல் வேண்டும். அதன்பின் எஞ்சும் விடை சிறிதாயினும், அதைக் கொண்டே வகுப்பு நடத்த இயலும்.