காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

இந்த மாதம் காதுக்கு ‘பொன்னியின் செல்வன்’, கண்ணுக்கு ‘கோபல்ல கிராமம்’.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர் ‘பொன்னியின் செல்வன்’. அத்தியாயக் கடைசியில் ஆளை அந்தரத்தில் விடும் வித்தை ஒலிநூலிலும் பலிக்கிறது. வெங்காயம் நறுக்கி முடித்தும் அடுப்படியைவிட்டு நகர மனமில்லை. கதையில் வரும் ஆழ்வார்க்கடியான் வம்பிழுக்கும் இடங்களில், வாசிப்பவர் குரலை மாற்றியதும் மனிதர் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறார். யாருக்கு யார் என்ன உறவு என்று பின்னால் புரட்டிப் பார்க்கத்தான் வழியில்லை.

‘கோபல்ல கிராமம்’ எழுதிய கி.ரா. விஷயம் வேறு. இடைசெவல்காரரின் கரிசல் பேச்சை யாராவது வாசிக்கக் கேட்டால் சுகம்தான். ஆனால் அந்தச் சொற்களை என் வாயாலேயே உருட்டிப் பார்க்க ஆசை. நேற்று ராத்திரி அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டாள்: “யாருகூடடா பேசிட்டிருக்க?”