பலகை சொல்லாத வேகம்

1987 அக்டோபரில் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று சாய்த்து டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது இந்தியா. முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர் நம்ம ஊர் ரமேஷ் கிருஷ்ணன். டிசம்பரில் அதே அணி ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 0-5 என்று தோற்றது. ஸ்வீடன் பலமான அணிதான். மாட்ஸ் விலாண்டர் அதற்குள் இரண்டு முறை பிரெஞ்சு ஓபன் வென்றிருந்தார். ஆனாலும் சொந்த மண்ணில் ஆடும் அணிக்குத் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. குளிர்காலத்தில், கூரைக்கடியில், செலவழித்துக் களிமண் தரையைப் போட்டார்கள். இந்தியர்களுக்கு எது ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ரமேஷின் சர்வில் பெரிய வேகம் கிடையாது. அவருடைய பலம், தட்டையாகத் தாழ்ந்து போகும் பந்துகள். புல்லில் அவை எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். எதிராளி குனிந்து அள்ள வேண்டியிருக்கும். களிமண்ணில் அதே பந்து எழும்பி நின்று, அடிப்பதற்கு அவகாசமும் தரும். ராக்கெட்டும் கையும் மாறவில்லை. மாறியது உராய்வு.

டென்னிஸ் பந்து தரையைத் தொட்டுக் கிளம்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. சர்வின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது. மைதானத்துப் பலகையில் மின்னும் மணிக்கு 210 கிலோமீட்டர், 220 கிலோமீட்டர் எல்லாம் ராக்கெட்டை விட்டுப் புறப்படும் கணத்து வேகம். காற்றே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் தரை கை வைக்கும்.

எவ்வளவு எடுக்கும்? உராய்வு விசை, பந்து தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது பந்து கீழ்நோக்கி இறங்கும் வேகம். முன்னோக்கிப் பாயும் வேகம் அல்ல. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். வெவ்வேறு வேகத்தில் பாயும் இரண்டு சர்வுகள் ஒரே கீழ்நோக்கு வேகத்தில் இறங்கினால், வழுக்கிச் செல்லும் வரை தரை இரண்டிடமிருந்தும் ஒரே அளவு வேகத்தைத்தான் பிடுங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 கி.மீ. வேகத்தில் புறப்பட்ட சர்வ் தரையைத் தொடும்போது முன்னோக்கி 130, கீழ்நோக்கி 25 கி.மீ. வேகத்தில் இருக்கிறது என்று கொள்வோம். களிமண்ணில் உராய்வுக் குணகம் சுமார் 0.8, புல்லில் சுமார் 0.6. விழுந்த வேகத்தில் எழும்பும்போது மிஞ்சுவது களிமண்ணில் 85 விழுக்காடு, புல்லில் 75 என்று வைத்துக்கொள்ளலாம். களிமண் ஏறத்தாழ 37 கி.மீ. வேகத்தைப் பறிக்கும், புல் 26. துள்ளிய பிறகு ஒன்று 93, மற்றது 104. அங்கிருந்து எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டக்காரரை எட்டுவதில் வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு மட்டுமே. அற்பமாகத் தோன்றும். ஆனால் வந்து சேரும் உயரத்தைப் பாருங்கள்: புல்லில் சுமார் 1.1 மீட்டர், களிமண்ணில் சுமார் 1.35 மீட்டர். இடுப்புக்கு வரும் பந்துக்கும் மார்புக்கு வரும் பந்துக்கும் உள்ள வேறுபாடு இது. என்னைக் கேட்டால், களிமண்ணில் ஏஸ் அருகிப்போவதற்கு நேரத்தைவிட இந்த உயரம்தான் பெரிய காரணம். பின்னால் தள்ளி நின்று, பந்து இறங்கும்வரை காத்திருந்து ஆற அமர அடிக்க முடிகிறது.

பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு தரைகளை அளப்பதும் இப்படித்தான். 16 பாகைச் சாய்வில், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பந்தைத் தரையில் செலுத்தி, உராய்வையும் துள்ளலையும் சேர்த்து ஓர் எண் தருகிறார்கள். 30-க்குக் கீழே என்றால் மெதுவான தரை. 45-ஐத் தொட்டால் வேகமான தரை.

களிமண் எல்லாப் பந்தையும் ஒரே மாதிரி தாமதப்படுத்தும் என்று நேர்முக வர்ணனையில் சொல்வதை நான் ஏற்பதில்லை. சுழலில்லாத பந்து சுமார் 20 பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கினால் எந்தத் தரையிலும் வழுக்குவதை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு குணகம் 0.6 ஆனால் என்ன, 0.8 ஆனால் என்ன! தரையின் குணம் முழுதாக வெளிப்படுவது தட்டையான சர்விலும் தாழ்வான ஸ்லைஸிலும்தான். டாப்ஸ்பின் கொடுத்த பந்துக்குக் கதை வேறு. நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3,200 சுற்றுகள் சுழன்றதாக அளந்திருக்கிறார்கள். அப்படியானால் தரையைத் தொடும் அடிப்பகுதி, பந்தின் மையத்தைவிட மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது. அந்த அளவுக்கு வழுக்கல் குறைகிறது. பறிபோகும் வேகமும் குறைகிறது. அதே சுழல் பந்தைக் காற்றில் கீழே அழுத்திச் செங்குத்தாக இறக்குவதால் தோள் உயரத்துக்கு எழும்புகிறது. சர்வ் போடுபவரிடம் பறித்ததை நடாலிடம் தரை பறிக்கவில்லை. பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸ் களிமண்ணில் 14 பட்டங்கள், 112 வெற்றிகள், வெறும் 4 தோல்விகள். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடிய பெடரர் அங்கே அவரை ஆறு முறை சந்தித்து ஆறு முறையும் தோற்றார்.

பந்தைப் பிடித்து நிறுத்தும் அதே களிமண், காலை வழுக்கவிடுகிறது. பாரிஸ் தரையின் மேற்பரப்பு, சுண்ணாம்புக்கல் அடுக்கின் மீது ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தூவிய செங்கல் பொடி. மணல் சிந்திய சிமென்ட் தரையில் கால் வைத்தது போல, உடல் எடை ஏறிய காலணிக்கு அடியில் துகள்கள் உருளும். பந்தோ துகள்களைத் தன் முன்னால் தள்ளிக் குவித்து அதிலேயே முட்டிக்கொள்கிறது. களிமண்ணில் வளர்ந்தவர்கள் அடிப்பதற்கு முன்பே சறுக்கத் தொடங்கி, சறுக்கல் முடியும் இடத்தில் பந்தைச் சந்திக்கிறார்கள். புல்லில் இந்தக் கணக்கு எளிதில் பிசகும், முதல் சில நாட்களில் ஈரமும் பசுமையும் கூடுதலாக இருக்கும்போது இன்னும் மோசம். 2021-இல் செரீனா வில்லியம்ஸ் விம்பிள்டன் முதல் சுற்றிலேயே வழுக்கிக் காயத்தோடு விலகியதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் புல்லும் பழைய புல் அல்ல. 2001 முதல் விம்பிள்டனில் முழுவதும் ரை வகைப் புல்தான். முன்பு அதில் 30 விழுக்காடு ஃபெஸ்க்யூ கலந்திருந்தது. தரை இறுகியது, பந்து எழும்பியது. அடுத்த ஆண்டே இறுதியில் மோதிய ஹெவிட், நல்பாண்டியன் இருவருமே பேஸ்லைனில் நின்று ஆடுபவர்கள். சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடும் கலை அங்கே மெல்ல மங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனாலும் வேறுபாடு செத்துவிடவில்லை. 2025-இல் பாரிஸில் 5 மணி 29 நிமிடம் நீடித்த இறுதியில், மூன்று சாம்பியன்ஷிப் புள்ளிகளைத் தடுத்துச் சின்னரை வென்றார் அல்கராஸ். ஐந்து வாரம் கழித்து விம்பிள்டனில் நான்கு செட்களில் சின்னர் திருப்பிக் கொடுத்தார். தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2023, 2024 விம்பிள்டன் பட்டங்கள் அல்கராஸுடையவை. ஆனால் சின்னரின் தட்டையான அடிகளுக்குப் புல் கொடுத்த கூலி, செங்கல் பொடி கொடுத்ததைவிட அதிகம்.

ஒளிபரப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தின் பாதை முழுவதையும் கேமராக்கள் ஏற்கெனவே பதிவு செய்கின்றன. சர்வின் வேகத்துக்குப் பக்கத்தில், துள்ளிய பிறகு மிஞ்சிய வேகத்தையும் திரையில் போடுங்கள். எதிரே நிற்பவர் சமாளிப்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.