பிக்வான் கணக்கும் சுக்குச் சூரணமும்

புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் சாலையில், உஜனி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி பிக்வான் இருக்கிறது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அது பூநாரைகளின் ஊர். வாதநோய் மருத்துவர்களுக்கு வேறு காரணத்தால் பழக்கமான பெயர். 1996இல் புனே வாதநோய் மையத்தின் டாக்டர் அரவிந்த் சோப்ராவும் அவர் குழுவும் அங்கே வீடு வீடாகப் போய், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் வாதநோய் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கிய காப்கார்ட் திட்டத்தின் முறை அது. உள்ளூர்த் தொண்டர்கள் வலியுள்ளவர்களைக் கண்டுபிடிப்பார்கள். தாளில் அச்சிட்ட மனித உருவத்தில் வலிக்கிற இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவர் கை வைத்துப் பார்ப்பார்.

வயது வந்தோர் 4,092 பேரில் 18.2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வாதநோய்த் தொல்லை இருந்தது. மூட்டுத் தேய்மானம் 5.8 சதவீதம். முடக்குவாதம் அரை சதவீதம். ஆயுர்வேதத்தையும் நவீன மருத்துவத்தையும் சேர்த்துப் பேசுகிற எல்லாரும் முதலில் இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். தேய்மானம் பல ஆண்டுகளில் மெல்ல நடக்கிற சங்கதி. வலி குறைந்து, நடக்க முடிந்தால் பாதி வெற்றி. முடக்குவாதம் அப்படியல்ல. தொடக்க ஆண்டுகளிலேயே எலும்பை அரித்து விரல்களைக் கோணலாக்கிவிடும். தொலைக்காட்சித் தைல விளம்பரம் இரண்டையும் ஒரே சீசாவில் அடைக்கிறது. பிக்வான் கணக்கு பிரித்துக் காட்டுகிறது. புனே குழுவின் வேலையில் என் பார்வையில் உறுதியான பகுதி இதுதான். கணக்கெடுத்துவிட்டுக் கிளம்பாமல், அந்த ஊருக்கு மருத்துவமும் பார்த்தார்கள்.

மருந்துச் சோதனைகளுக்கு வந்தால் தரை அவ்வளவு கெட்டியாக இல்லை. அதே குழு அமுக்கரா, சுக்கு, மஞ்சள், சல்லகிப் பிசின் நான்கும் சேர்ந்த ஒரு கூட்டு மருந்தை இரண்டு நோய்களிலும் மருந்தில்லாத போலி மாத்திரையோடு மோதவிட்டது. 2000இல் வெளியான முடக்குவாதச் சோதனையில் 182 பேர், 16 வாரம். போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் கணிசமாகத் தேறிவிட்டதால் மருந்தால் தெளிவாக முந்த முடியவில்லை. 2004இல் வெளியான முழங்கால் தேய்மானச் சோதனையில் 90 பேர், 32 வாரம். இங்கே மருந்து ஜெயித்தது. சரக்கு அதேதான், நோய் வேறு, முடிவும் வேறு. தோற்ற சோதனையையும் மறைக்காமல் அச்சில் ஏற்றியதற்காகவே இந்தக் குழுவை மதிக்கலாம். நம் ஊரில் மருந்து விற்கிறவர்கள் ஜெயித்ததை மட்டும்தான் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இந்தக் குழுவின் சோதனைகளில் அதிகம் பேசப்படுவது 2013இல் வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 440 பேர், 24 வாரம், நான்கு பிரிவுகள். சுக்கு, சீந்தில், நெல்லி சேர்ந்த மருந்து ஒன்று, அதோடு சல்லகியும் சேர்ந்தது இன்னொன்று, குளுக்கோசமைன், செலிகாக்ஸிப் என்ற வலி மாத்திரை. முடிவில் நான்கும் சமம் என்றார்கள். செய்தி வந்ததும், ‘ஆங்கில மருந்துக்கு நிகர்’ என்று பலர் கொண்டாடினார்கள்.

எனக்கு இங்கேதான் இடறுகிறது. 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைன் 64, நம்பத்தக்க வித்தியாசம் அல்ல. செலிகாக்ஸிப் 70, அது மட்டும் முந்தியது. அப்படியிருக்க, போலி மாத்திரைப் பிரிவே இல்லாத சோதனையில் குளுக்கோசமைனும் செலிகாக்ஸிபும் ஒன்றுபோலவே வேலை செய்தன என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. நான்கும் நன்றாக வேலை செய்தன என்றும் சொல்லலாம். வேலை செய்கிற மருந்தையும் செய்யாததையும் பிரிக்கும் கூர்மை அந்தச் சோதனைக்கு இல்லை என்றும் சொல்லலாம். போதாக்குறைக்கு 28 சதவீதம் பேர் நடுவில் விலகிவிட்டார்கள். ஆட்கள் விலக விலக, பிரிவுகளுக்கு இடையே உள்ள வேற்றுமை மங்கும்.

பக்கவிளைவு விஷயத்திலும் ஒரு குறிப்பைத் தாண்டிப் போகக் கூடாது. 2013 சோதனையில் ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவர்களில் ஏழு பேருக்கு, வெளியே எந்தத் தொந்தரவும் தெரியாமல், கல்லீரல் நொதி கூடியிருந்தது. மருந்தை நிறுத்தியதும் அது இறங்கியது. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கட்டும். கடையில் வாங்குகிற பொடியில் எந்தக் கொடி இருக்கிறது என்று முழங்கால் வலிக்காரருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மருத்துவத்தையும் உண்மையிலேயே சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனை கோயம்புத்தூரில் நடந்தது, 2011இல் வெளியானது. முடக்குவாதக்காரர்கள் 43 பேர். ஒரு பிரிவுக்கு நவீன மருந்தான மெத்தோட்ரெக்சேட், ஒரு பிரிவுக்கு வைத்தியர் ஆளுக்கேற்பத் தேர்ந்த ஆயுர்வேதம், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாதபடி போலிகளையும் தயாரித்தார்கள். இது அசாத்திய வேலை. ஆயுர்வேதத்தை இப்படிச் சோதிக்கவே முடியாது என்ற சாக்கு இதோடு செல்லாமல் போனது. 36 வாரத்தில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. ஆயுர்வேதப் பிரிவில் பக்கவிளைவு சற்றுக் குறைவு. ஆனால் பிரிவுக்குப் பதினைந்து பேர் அளவில் வைத்துக்கொண்டு சமம் என்று தீர்ப்பெழுத முடியாது. அவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் கூடுதலாகத் தேறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு நோய்க்கு நோய் வேறுபடும். முழங்கால் தேய்மானத்துக்கு, தரம் பார்த்த ஆயுர்வேத மருந்தை மருத்துவர் கண்பார்வையில், கல்லீரல் பரிசோதனையோடு சாப்பிடலாம். தொடைத்தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அதற்காக விட்டுவிடக் கூடாது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ள முதியவர்களுக்கு வலி மாத்திரை ஆகாது என்பதால், அவர்களுக்கு இந்த வாய்ப்பின் மதிப்பு கூடும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறச் சொல்வதற்கு இதுவரை உள்ள சான்று போதாது. சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்குக் கோவைச் சோதனையைப் போலப் பத்து மடங்கு ஆட்களோடு, எலும்பரிப்பை எக்ஸ்ரேயில் அளந்து, இரண்டு ஆண்டாவது நடத்த வேண்டும். அதுவரை கிராமத்துக்கு உடனே வேண்டியது, வீங்கிய விரல் மூட்டையும் தேய்ந்த முழங்காலையும் பிரித்தறிந்து, முதலாமவரை அந்த மாதமே வாதநோய் மருத்துவரிடம் அனுப்பிவைக்கிற ஒரு செவிலியர்.